கடைசி நேரத்துல வரிச் சட்டம் மாறுது, ஆடிட்டர் கூடுதல் ஃபீஸ் கேக்குறாரு, இது நியாயமா?

சரக்குவண்டி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பேஸ்ட்னு தினசரி சாமான் எடுத்து கடைகளுக்குப் போடுற ஏஜென்சி நடத்துறேன். ரெண்டு கேள்வி இருக்கு, ஆனா முதல்ல நடந்ததச் சொல்லிடுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் மீட்டிங் முடிஞ்சு, 12, 28 சதவீத ஸ்லாப் ரெண்டையும் எடுக்குறோம், பெரும்பாலும் 5, 18ன்னு வருது, 22ஆம் தேதில இருந்து அமல்னு அறிவிச்சாங்க. விலை குறையுது, ஜனங்களுக்கு நல்லது, அதுல எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனா மறுநாள் லைனுக்குப் போன பசங்க ஆர்டர் புக்க அப்படியே திருப்பிக் கொண்டு வந்தாங்க. ஒரு கடைக்காரரும் சரக்கு எடுக்கல. இப்ப வாங்கி வச்சா பழைய ரேட்ல மாட்டிக்குவோம், 22க்கு மேல வாங்கன்னு சொல்லிட்டாங்க, அவங்க பக்கம் பாத்தா அதுவும் சரிதான். என் குடோன்ல இருக்குறது பூரா 18% கட்டி வாங்கின சரக்கு, கம்பெனிக்குப் பணம் போயாச்சு, பேங்க்ல ஓவர்டிராஃப்ட் வட்டி ஏறிக்கிட்டே இருக்கு, வியாபாரம் மட்டும் நின்னு போச்சு.

எந்தப் பொருளுக்கு என்ன ரேட்னு முறையான நோட்டிஃபிகேஷன் வந்தது 17ஆம் தேதிதான். 22 காலைல புது ரேட்ல பில் அடிக்கணும். அதுக்குள்ள சாஃப்ட்வேர்ல ஐட்டம் மாஸ்டர், அதாவது பொருள் வாரியா ரேட் வச்சிருக்குற பட்டியல் முழுக்க மாத்தணும். கேக்க சுலபமா இருக்கும், ஆனா கட்டி சோப்புக்கு 5%, அதே கம்பெனியோட லிக்விட் ஹேண்ட்வாஷுக்கு 18% அப்படியே, துணி துவைக்கிற பவுடருக்கும் 18% அப்படியே, ஷாம்புக்கு 5. இதுல காம்போ பேக் இருக்கு, ஃப்ரீ கூட வர்றது இருக்கு. ஒவ்வொரு ஹெச்எஸ்என் கோடா, அதாவது பொருள வரிக்கு வகை பிரிக்கிற நம்பரா எடுத்து ஆடிட்டர் ஆபீஸ்ல கேட்டு கேட்டு மாத்தினோம். எம்ஆர்பி விஷயம் தனிக் கத, பழைய ஸ்டாக்குக்கு புது விலை ஸ்டிக்கர் ஒட்டலாம்னு அனுமதி குடுத்தாங்க, யார் ஒட்டுறது கம்பெனியா நானா கடைக்காரரான்னே ஒரு வாரம் ஓடுச்சு. கம்பெனில இருந்து விலை வித்தியாசத்துக்கு கிளெய்ம் வரும்னாங்க, பாதி வந்துச்சு, மீதி இன்னும் வரல.

இப்ப ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து வழக்கமான ஃபீஸுக்கு மேல, ரேட் மாற்றத்துக்கான கூடுதல் வேலைன்னு தனியா ஒரு தொகை போட்டு பில் அனுப்பியிருக்காங்க. அவரு நல்ல மனுஷன், ரொம்ப வருஷப் பழக்கம், அதனால சண்டை போட மனசு வரல. ஆனா சட்டத்த மாத்தினது நான் இல்லயே, அதுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்? இது ஒண்ணு. ரெண்டாவது, எப்பவுமே இப்படித்தானா, கொஞ்சம் முன்கூட்டி தயாரா இருக்க வழியே கிடையாதா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


டெபிட்கிரெடிட் பதில்:

சார், நான் ப்ராக்டிஸ் பண்ற சிஏ. உங்க ஆடிட்டர் யாருன்னு தெரியாது, ஆனா அவரு ஆபீஸ்ல செப்டம்பர் எப்படிப் போயிருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும், அதச் சொன்னா அந்தப் பில் எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்கே புரியும்.

ஆடிட் தேவைப்படாதவங்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் சாதாரணமா ஜூலை 31ல முடியணும். இந்த 2025ஆம் வருஷம் ஃபார்ம்லயே நிறைய மாற்றம், அதனால மே 27ஆம் தேதியே செப்டம்பர் 15 வரைக்கும் தள்ளி வச்சாங்க. ஏன் ஃபார்ம் மாறுச்சுன்னா அதுக்கு ஒரு பெரிய காரணம் போன வருஷ பட்ஜெட். 2024 ஜூலை 23ஆம் தேதி பட்ஜெட் வாசிச்ச அன்னைக்கே கேப்பிட்டல் கெயின் ரேட், அதாவது ஷேர், சொத்து வித்த லாபத்துக்கான வரி ரேட் மாறுச்சு, லிஸ்டட் ஷேருக்கு குறுகிய காலத்துக்கு 15 இருந்தது 20, நீண்ட காலத்துக்கு 10 இருந்தது 12.5. ஒரே நிதியாண்டு, ஆனா ஜூலை 22 வரைக்கும் வித்தது ஒரு கணக்கு, 23ல இருந்து வித்தது வேற கணக்கு. அதையெல்லாம் பிரிச்சுக் காட்டுற ஃபார்ம் வேணும், அந்த ஃபார்ம நிரப்புற யூட்டிலிட்டி சாஃப்ட்வேர் வேணும். ஐடிஆர் 2, 3ங்கிற ரிட்டர்ன் ஃபார்முக்கு யூட்டிலிட்டி வந்ததே ஜூலைலதான். ஆக ஏப்ரல்ல இருந்து ரிட்டர்ன் போடலாம்னு காலண்டர் சொல்லும், போட வேண்டிய கருவி கைக்கு வர்றது மூணு மாசம் கழிச்சு.

சரி, செப்டம்பர் 15 வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நள்ளிரவு நெருங்குறப்ப, இன்னும் ஒரு நாள் தர்றோம், 16 வரைக்கும் போடலாம்னு அறிவிப்பு. அந்த நேரம் வரைக்கும் உக்காந்து போட்டு முடிச்சவங்களுக்கு இந்த ஒரு நாளால என்ன பயன்? நீட்டிப்பு கேட்டு சங்கங்கள் எல்லாம் முன்னாடியே மனு குடுத்துருந்தாங்க. தர்றதுன்னா ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா எத்தனையோ பேர் நிதானமா, தப்பில்லாம போட்டிருப்பாங்க.

16 முடிஞ்சா 17 உங்க நோட்டிஃபிகேஷன், 20 ஜிஎஸ்டி 3பிங்கிற மாச ரிட்டர்ன், 22 புது ரேட், 30 டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட். எல்லாத்துக்கும் அதே ஆளுங்கதான், அதே நாற்காலிதான். டாக்ஸ் ஆடிட்டுக்கு தேதி தள்ளி வச்சது எப்பன்னா, ராஜஸ்தான், கர்நாடகா ஹைகோர்ட்டுங்க 24ஆம் தேதி உத்தரவு போட்டு, 25ஆம் தேதி அக்டோபர் 31 வரைக்கும்னு அறிவிப்பு வந்துச்சு. அப்புறம் அக்டோபர் 29 அன்னைக்கு திரும்பவும் நவம்பர் 10ன்னு மாத்தினாங்க, ரிட்டர்ன் டிசம்பர் 10ன்னு. வரும் வராதுன்னு தெரியாம வேலைய தள்ளிப் போட எந்த ஆடிட்டருக்கும் தைரியம் வராது, ஏன்னா வராம போச்சுன்னா கிளையன்ட்டுக்கு டர்ன்ஓவர்ல அரை சதவீதமோ ஒன்றரை லட்சமோ எது கம்மியோ அது பெனால்ட்டி. அதனால நீட்டிப்பு வராதுன்னு நினைச்சே ராத்திரி பகலா ஓடுவோம்.

இது இந்த வருஷம் மட்டும் இல்ல சார். உங்க தொழில்லயே ஒண்ணு சொல்றேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சரக்கு விக்கும்போது விக்கிறவர் டிசிஎஸ், அதாவது விலைக்கு மேல கொஞ்சம் வருமான வரி, வாங்குறவர்கிட்ட பிடிச்சுக் கட்டணும்னு 206சி(1எச்) பிரிவு வந்துச்சு, 2020 அக்டோபர் 1ல இருந்து அமல். பழைய பாக்கி வசூலானா அதுக்கும் பிடிக்கணுமா, ஜிஎஸ்டி சேத்து கணக்கா சேக்காமலான்னு நூறு சந்தேகம். விளக்க சர்க்குலர் வந்தது செப்டம்பர் 29. நடுவுல ஒரே ஒரு நாள். அத ஒரு வழியா பழகுறதுக்குள்ள 2021 ஜூலை 1ல இருந்து 194க்யூ பிரிவு, இப்ப வாங்குறவர் தான் குடுக்குற பணத்துல இருந்து டிடிஎஸ்னு வரி பிடிக்கணும், அவர் பிடிச்சா விக்கிறவர் பிடிக்கக் கூடாது. அதுக்கு சர்க்குலர் வந்தது ஜூன் 30. மறுநாள் அமல்! ஒவ்வொரு பார்ட்டியும் இன்னொரு பார்ட்டிக்கு, என் டர்ன்ஓவர் 10 கோடிக்கு மேல, நான் பிடிக்கிறேன் நீங்க பிடிக்காதீங்கன்னு லெட்டர் எழுதி, கையெழுத்து வாங்கி, ஃபைல் பண்ணி, சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு லெட்ஜரா டிக் பண்ணோம். அப்புறம் 2025 ஏப்ரல் 1ல இருந்து அந்த 206சி(1எச்) தேவையில்லன்னு எடுத்துட்டாங்க. எடுத்தது நல்லதுதான். ஆனா நாலரை வருஷமா 0.1 சதவீதத்துக்கு எத்தனை ஆபீஸ்ல எத்தனை பேர் உழைச்சாங்கன்னு யாரும் கணக்கு எடுக்கல.

ஃபீஸ் விஷயத்துக்கு வர்றேன். கேக்குறது நியாயம்தான், ஆனா ஒரே தொகையா போடாம என்னென்ன வேலைன்னு பிரிச்சுக் கேளுங்க. ஹெச்எஸ்என் வாரியா ரேட் சரிபாத்தது, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எடுத்தது, சரக்கு திரும்பி வந்தா பில் தொகையக் குறைச்சுப் போடுற கிரெடிட் நோட் சரிபாத்தது, இதெல்லாம் நிஜமான வேலை, பிரிச்சுக் காட்ட முடியும். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நிறைய ஆடிட்டர்ங்க இதுக்கெல்லாம் கேக்கவே கூச்சப்பட்டுக்கிட்டு சும்மா செஞ்சு குடுக்குறாங்க, அப்படி செஞ்சு செஞ்சுதான் சின்ன ஆபீஸ்ல பசங்க நிக்க மாட்டேங்குறாங்க.


மறுபக்கம் பதில்:

நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கம்பெனில ஃபைனான்ஸ் பாக்குறேன்.

ரேட்ட மாத்துறதும் ஃபார்ம் நடைமுறைய மாத்துறதும் ஒண்ணு இல்ல, இத ரெண்டையும் ஒரே கூடைல போடக் கூடாது. சரக்குவண்டி சொன்னதையே எடுத்துக்கங்க, 3ஆம் தேதி சொல்லி 22 வரைக்கும் வியாபாரம் நின்னுச்சு. ஆறு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா? ஆறு மாசமும் கார் வாங்குறவன் ஏசி வாங்குறவன் எவனும் கடைக்குள்ள வரமாட்டான். ரேட் குறைக்கிறதுன்னா சட்டுனு செய்றதுதான் வியாபாரத்துக்கே நல்லது. அதே மாதிரி ஜூலை 23 கேப்பிட்டல் கெயின், முன்கூட்டி சொன்னா எல்லாரும் அவசர அவசரமா பழைய ரேட்ல வித்துட்டுப் போயிடுவாங்க. அதனால அன்னைக்கே அமல்ங்கறதுல ஒரு நியாயம் இருக்கு. ஆனா வீடு நிலத்துக்கு இன்டெக்ஸேஷன், அதாவது விலைவாசிக்கு ஏத்த மாதிரி வாங்கின விலைய ஏத்திக் கணக்குப் போடுறது, கிடையாதுன்னு அன்னைக்குச் சொல்லிட்டு, எதிர்ப்பு வந்ததும் ஆகஸ்ட்ல, ஜூலை 23க்கு முன்னாடி வாங்கினதுக்கு 12.5 இல்லன்னா இன்டெக்ஸேஷனோட 20, எது கம்மியோ அதுன்னு திருத்துனாங்க பாருங்க, அந்த ரெண்டு வாரத்துல பத்திரம் போடலாமா வேணாமான்னு தவிச்சவங்க எத்தனை பேர். அத முன்னாடியே யோசிச்சிருக்கலாம்.

ஆனா எல்லாத்தையும் அரசாங்கத்து மேல போட முடியாது. வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்) பிரிவ எடுத்துக்கங்க, சிறு குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கலன்னா அந்தச் செலவ அந்த வருஷம் கழிக்க முடியாதுன்னு. 2023 பட்ஜெட்ல வந்துச்சு. முழுசா ஒரு வருஷம் டைம் இருந்துச்சு. 2024 பிப்ரவரி மார்ச்லதான் எல்லாரும் முழிச்சுக்கிட்டு ஆர்டர் கேன்சல், சரக்கு ரிட்டர்ன்னு ஒரே களேபரம். இது எந்த விதத்துல கடைசி நேர மாற்றம்? பேங்க் ஸ்டேட்மென்ட்ட செப்டம்பர் 28ஆம் தேதி அனுப்புற கிளையன்ட் எத்தனை பேர்னு டெபிட்கிரெடிட் மேடமே சொல்லட்டும்.

என் கோபம் எங்கன்னா, ரகசியமா வைக்க ஒரு காரணமும் இல்லாத விஷயம் தாமதமா வர்றதுதான். சர்க்குலர், ஃபார்ம், யூட்டிலிட்டி, கேள்வி பதில் விளக்கம், இதையெல்லாம் ரெண்டு மாசம் முன்னாடி குடுத்தா யார் என்ன ஏமாத்திடப் போறாங்க? டிசிஎஸ்ஸுக்கு விளக்கம் ஆறு மாசம் முன்னாடி குடுத்திருந்தா கஜானாவுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல. வெளிநாட்டுக்கு அனுப்புற பணத்துக்கு டிசிஎஸ் 20 சதவீதம்னு 2023 பிப்ரவரி பட்ஜெட்ல சொல்லி ஜூலை 1 அமல்னாங்க. ஜூன் 28 அன்னைக்கு அக்டோபர் 1க்குத் தள்ளிட்டோம்னு சொன்னாங்க. மூணு நாள் முன்னாடி வரைக்கும் பேங்குங்களும் டூர் கம்பெனிங்களும் ஜூலை 1ன்னு சிஸ்டத்த ரெடி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. இந்த மாதிரி தள்ளிப் போடுறதும் ஒரு மாற்றம்தான், அதுக்கும் செலவு இருக்கு, அத யாரும் பேசுறது இல்ல.


நூல்கண்டு பதில்:

மறுபக்கம் தம்பி கடைசில சொன்னாரே தள்ளிப் போடுறதுக்கும் செலவு இருக்குன்னு, அது நூத்துக்கு நூறு. நாங்க துணி வியாபாரம், 2021 டிசம்பர மறக்கவே முடியாது.

துணிக்கு 5ல இருந்து 12 ஆக்குறோம், 2022 ஜனவரி 1 அமல்னு நவம்பர் 18 நோட்டிஃபிகேஷன் வந்துச்சு. டிசம்பர் பூரா நாங்க அந்த 12 சதவீதத்த வச்சே வேலை பாத்தோம். பொங்கல் சரக்கு போற நேரம் அது. கடைக்காரங்க ஜனவரில எடுக்க வேண்டியதையும் டிசம்பர்லயே 5ல போட்டுக் குடுங்கன்னு நிக்கிறாங்க, எங்களுக்கு பிராசஸிங் முடிஞ்சு சரக்கு வரணும்ல. ஜனவரி விலைப்பட்டியல் 12 போட்டு அச்சடிச்சு ஏஜென்ட்டுங்களுக்கு அனுப்பியாச்சு. ரெடிமேட் பக்கம் ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டியே முடிச்சுட்டாங்க, ஏன்னா அதுல எம்ஆர்பி வரி சேத்து. டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை டெல்லில மீட்டிங் கூடி துணிக்கு ஏத்துறத ஒத்தி வச்சிட்டோம்னு சொன்னாங்க. மறுநாள் ஜனவரி 1. செருப்புக்கு மட்டும் 12 வந்துடுச்சு, அதையும் இதையும் சேத்து விக்கிற கடைக்காரர் நிலமைய நினைச்சுப் பாருங்க.

ஏத்தாம விட்டதுக்கு நாங்க எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அதுல சந்தேகமே இல்ல, அதுக்காக கடையடைப்பெல்லாம் நடந்துச்சு. ஆனா டிசம்பர்ல அவசரமா பில் போட்டு அனுப்புன சரக்குக்கு ஜனவரி பிப்ரவரில ஆர்டரே இல்ல. எடுத்தவங்க கடன் தவணை தள்ளிப் போச்சு. நூல்காரனுக்கு நாங்க குடுக்க வேண்டியது நின்னுச்சு. வரி ஒரு பைசா மாறல, ஆனா மூணு மாசம் பணப்புழக்கமே கலைஞ்சு போச்சு. எங்க கணக்குப்பிள்ளை சின்ன வயசுல இருந்து எங்ககிட்ட இருக்கறவரு, அன்னைக்கு சாயங்காலம் அடிச்சு வச்ச பட்டியல் கட்ட ஒண்ணும் சொல்லாம எடுத்துப் பரண் மேல வச்சாரு. அவர் டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை கூட லீவு எடுக்கல.

சரக்குவண்டி, உங்க கேள்விக்கு என் பதில், அந்தக் கூடுதல் ஃபீஸ குடுத்துடுங்க. முழுசா முடியலன்னா பேசிக் குறைச்சுக் குடுங்க, ஆனா குடுங்க.


கிழக்குநேரம் பதில்:

இது நம்ம நாட்டு வியாதி மட்டும் இல்லன்னு சொல்லத்தான் வந்தேன். நான் அமெரிக்க ரிட்டர்ன் தயார் பண்ற வேலைல இருக்கேன், முழு வேலையும் அவங்க நேரத்துக்குத்தான்.

அங்க 2012 முடியுற வரைக்கும் 2012க்கான வரிச் சட்டமே முடிவாகல. 2013 ஜனவரி 2 அன்னைக்குத்தான் ஜனாதிபதி கையெழுத்து போட்டாரு, அதுல முடிஞ்சு போன 2012ஆம் வருஷத்துக்கே பாதிக்கிற விஷயம் இருந்துச்சு. ரிட்டர்ன் வாங்க ஆரம்பிக்கிறத ஜனவரி 22ல இருந்து 30க்குத் தள்ளுனாங்க, தேய்மானம் காட்டுற ஃபார்ம் 4562 வேணும்ங்கிற வியாபாரிங்க அதுக்கு மேலயும் காத்திருந்தாங்க. 2014ல இன்னும் கொடுமை. மெஷின் வாங்குனா ஒரே வருஷத்துல முழுசா கழிச்சுக்கிற வரம்பு 25,000 டாலரா 5,00,000 டாலராங்கிறதே டிசம்பர் 19 வரைக்கும் தெரியாது. 5,00,000ன்னு அன்னைக்குக் கையெழுத்தாச்சு, செல்லுபடி டிசம்பர் 31 வரைக்கும். பன்னெண்டு நாள்ல எந்த ஃபேக்டரி மெஷின் ஆர்டர் பண்ணி இறக்கி ஓட்டும்? முதலீட்ட ஊக்குவிக்கத்தான் அந்தச் சலுகையே, வருஷம் முடியுறப்ப தந்தா யாரையும் ஊக்குவிக்காது, எப்படியும் வாங்கியிருந்தவனுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

ஒரு நல்ல உதாரணமும் சொல்றேன். 2021ல ரிட்டர்ன் சீசன் பிப்ரவரி 12 ஆரம்பிச்சு நிறைய பேர் போட்டுட்டாங்க, மார்ச் 11 அன்னைக்கு ஒரு சட்டம், 2020ல வாங்கின வேலையில்லா உதவித்தொகைல 10,200 டாலர் வரைக்கும், வருமானம் 1,50,000க்குக் கீழ இருந்தா வரி கிடையாதுன்னு. பின்தேதியிட்ட மாற்றம்தான், ஆனா வரித்துறை என்ன பண்ணுச்சுன்னா, ஏற்கெனவே போட்டவங்க திருத்தின ரிட்டர்ன் போட வேணாம், நாங்களே கணக்குப் போட்டு மீதிய அனுப்புறோம்னாங்க. மாற்றத்தோட பாரத்த மாத்தினவங்களே தூக்கிக்கிட்டாங்க. இதுதான் முறை.

பிரிட்டன்ல 2022ல சம்பளத்துல பிடிக்கிற நேஷனல் இன்சூரன்ஸ் ஏப்ரல்ல 1.25 புள்ளி ஏறுச்சு, ஜூலைல வரம்பு மாறுச்சு, நவம்பர்ல ஏத்துனத திரும்ப இறக்குனாங்க. ஒரே வரி வருஷத்துல பேரோல் மூணு தடவை மாறுச்சு. அங்க பேரோல் பாக்குற ஒருத்தர் எங்கிட்ட சொன்னது, ரேட் மாத்துறது கூட கஷ்டம் இல்ல, இந்த மாசம் ஏன் சம்பளம் வேற மாதிரி வந்துச்சுன்னு ஒவ்வொரு ஊழியருக்கும் விளக்குறதுதான் கஷ்டம்னாரு.


ஆர்ட்டிகிள்ஷிப் பதில்:

நான் இன்னும் சிஏ படிச்சுக்கிட்டு இருக்கேன், ஆடிட் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி. பெரியவங்க சட்டம் பேசிட்டீங்க, நான் பாத்தது ஒண்ணு சொல்றேன்.

கடைசி நாள் ராத்திரி ரிட்டர்ன் அப்லோட் ஆகி முடிஞ்சாலும் வேலை முடியாது, வெரிஃபை பண்ணணும், அதுக்கு கிளையன்ட் மொபைலுக்கு ஓடிபி போகும். மணி பதினொன்னரை. கிளையன்ட் வயசானவர், தூங்கிட்டாரு. ஃபோன் அடிச்சு எழுப்புனா, வீட்டம்மா பயந்து போய் எடுக்குறாங்க, யாருக்கு என்ன ஆச்சோன்னு. ஓடிபி வேணும்னு சொன்னா மோசடிக்காரன்னு நினைச்சு கட் பண்ணிட்டாங்க. எங்க சார் திரும்ப அவரே பேசி, மன்னிப்பு கேட்டு, ஓடிபி வாங்கி போடுறதுக்குள்ள அது காலாவதியாகி, இன்னொரு தடவை அனுப்பி. வெரிஃபை பண்ண 30 நாள் டைம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அப்படி விட்டு மறந்து போய் ரிட்டர்ன் போடாத மாதிரியே ஆனவங்கள சார் பாத்திருக்காரு, அதனால விட மாட்டாரு. அன்னைக்கு என் கூட இருந்த அக்காவுக்கு ரெண்டு வயசுக் குழந்தை, வீடியோ கால்ல தூங்க வச்சாங்க. இதையெல்லாம் பில்லுல எழுத முடியாது இல்லங்களா.


சரக்குவண்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, படிக்கப் படிக்க மனசு கனத்துப் போச்சு. ஃபீஸ் விஷயத்துல ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிட்டேன். பிரிச்சுக் கேட்டேன், முகம் சுளிக்காம காமிச்சாரு. ஹெச்எஸ்என் வேலைக்கும் கிரெடிட் நோட் வேலைக்கும் குடுத்துட்டேன், ஸ்டாக் எடுத்தது எங்க பசங்கதான்னு சொன்னதும் அத அவரே கழிச்சுட்டாரு.

மேடம், சந்தேகம் மூணு இருக்கு. 22க்கு முன்னாடி சரக்கு அனுப்பி பில்லும் போட்டாச்சு, பணம் வந்தது அக்டோபர்ல, எந்த ரேட்? ரெண்டாவது, பழைய 18 சதவீத பில்லுல போன பிஸ்கட் இப்ப ரிட்டர்ன் வருது, கிரெடிட் நோட் 5ல போடணுமா 18லயா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மூணாவது, 18 கட்டி வாங்கி 5ல வித்ததுல லெட்ஜர்ல கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டின வரில இன்னும் கழிக்காத மீதி, தேங்கி நிக்குது, ரீஃபண்ட் கேக்க முடியுமா?


டெபிட்கிரெடிட் பதில்:

முதல் கேள்விக்கு ஒரு சுலபமான வழி சார், ஜிஎஸ்டி சட்டத்துல 14ஆவது பிரிவு. சப்ளை, பில், பணம் இந்த மூணுல எந்த ரெண்டு ஒரே பக்கம் விழுதோ அந்தப் பக்க ரேட். உங்களுக்கு சப்ளையும் பில்லும் 22க்கு முன்னாடி, அதனால பழைய 18 தான். அதே சரக்கு 20ஆம் தேதி போய், பில்லும் பணமும் 22க்கு அப்புறம்னா புது ரேட். அட்வான்ஸ் வாங்கிட்டு சரக்கும் பில்லும் 22க்கு அப்புறம்னாலும் புது ரேட்தான். இத கவுண்டர்ல ஒரு தாள்ல எழுதி ஒட்டி வைங்க, பசங்களுக்கு உதவும்.

கிரெடிட் நோட் மூல பில் எந்த ரேட்டோ அதே ரேட், அதாவது 18. 5ல போட்டீங்கன்னா மீதி 13 உங்க கைக்காசு. மூல பில் நம்பர குறிப்பிட்டே போடுங்க, பின்னாடி நோட்டீஸ் வந்தா அதுதான் காப்பாத்தும்.

ரீஃபண்ட் கிடைக்காது சார். வாங்குனதும் வித்ததும் ஒரே பொருள், நடுவுல ரேட் குறைஞ்சதால தேங்குனதுக்கு ரீஃபண்ட் இல்லன்னு 2020லயே சர்க்குலர் இருக்கு. ஆனா கிரெடிட் காலாவதியாகாது, திருப்பிக் கட்டவும் வேண்டாம். உங்ககிட்ட 18ல விக்கிற பொருளும் இருக்கே, ஹேண்ட்வாஷ், பவுடர், அதுல வர்ற வரிக்கு கழிச்சுக்கலாம். மெதுவாத்தான் கரையும். முழு விலக்கு வந்த பொருள் ஏதாவது வச்சிருந்தா, நோட்டுப் புத்தகம் மாதிரி, அந்த ஸ்டாக்கோட கிரெடிட் மட்டும் திருப்பணும், அத பாத்துக்கங்க.

மறுபக்கம் சார் கேட்டதுக்கும் பதில். ஆமா, கடைசி வாரத்துல ஸ்டேட்மென்ட் அனுப்புறவங்க நிறைய பேர். ஆனா ஒண்ணு பாருங்க, தேதி எப்படியும் தள்ளிப் போகும்னு கிளையன்ட்டுங்க பழகினதே வருஷா வருஷம் தள்ளிப் போனதாலதான். முதல் ஜிஎஸ்டி வருஷம் 2017-18க்கு ஆண்டு ரிட்டர்ன் 2018 டிசம்பர்ல முடியணும், தள்ளித் தள்ளி 2020 பிப்ரவரில முடிஞ்சுது. நேரத்துக்கு முடிச்சுக் குடுத்தவங்கதான் நஷ்டப்பட்டாங்க, ஏன்னா அப்புறம் அந்த ஃபார்மையே எளிமையாக்குனாங்க, பல கட்டம் நிரப்பவே வேண்டாம்னாங்க.

சரக்குவண்டி சார், உங்க ரெண்டாவது கேள்வி பாக்கி இருக்கு, தயாரா இருக்கிறது பத்தி. ஐட்டம் மாஸ்டர சுத்தமா வைங்க, ஹெச்எஸ்என் எட்டு இலக்கம் வரைக்கும். இந்தத் தடவை திணறுனவங்க பெரும்பாலும் நாலு இலக்கத்தோட நிறுத்துனவங்கதான், சோப்பும் ஹேண்ட்வாஷும் ஒரே தலைப்புல விழுந்து எதுக்கு 5 எதுக்கு 18ன்னு பிரிக்க முடியாம போச்சு. ரேட்ட ஐட்டத்துல நேரடியா அடிக்காம தேதியோட மாறுற மாதிரி சாஃப்ட்வேர்ல வைக்க முடியும், உங்க சாஃப்ட்வேர்காரர்கிட்ட கேளுங்க. பெரிய கொள்முதல் ஒப்பந்தத்துல வரி மாறுனா வித்தியாசம் யாரச் சேரும்னு ஒரு வரி எழுதுங்க, கம்பெனி கிளெய்ம் பாதி வந்து நிக்கிறதுக்குக் காரணமே அந்த ஒரு வரி இல்லாததுதான்.


சரக்குவண்டி எழுதியது:

அந்த எட்டு இலக்க விஷயம் நாளைக்கே ஆரம்பிக்கிறேன் மேடம். அடுத்து 2026 ஏப்ரல்ல புது வருமான வரிச் சட்டம் வருதுங்கறாங்களே, அதுக்கு இப்ப என்ன செய்யணும்?


டெபிட்கிரெடிட் பதில்:

வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 அமல். 536 பிரிவு, பழைய எண் எதுவும் இருக்காது, 194க்யூ, 194சின்னு நாம சொல்ற டிடிஎஸ் எல்லாம் பெரும்பாலும் 393ங்கிற ஒரே பிரிவுக்குள்ள வருது. இந்தத் தடவை சட்டம் ஆகஸ்ட்லயே கைக்கு வந்துடுச்சு, ஏழு மாச அவகாசம், அத மனசார வரவேற்கிறேன். ஆனா நான் இத எழுதுற வரைக்கும் ரூல்ஸும் ஃபார்மும் வரல, நாம தினமும் தொடுறது அதத்தான், 2026 பிப்ரவரி 1 பட்ஜெட்ல வேற திருத்தம் வரலாம்.

இப்போதைக்கு ரெண்டு வேலை பண்ணுங்க. 2026 மார்ச் 31 வரைக்கும் கணக்குல ஏறுற செலவுக்கு டிடிஎஸ் பழைய பிரிவுலதான், அதனால மார்ச் பில் எதையும் ஏப்ரலுக்குத் தள்ளாம அந்த மாசமே ஏத்திடுங்க, ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல நிக்க வேண்டாம். அப்புறம் உங்க சாஃப்ட்வேர்காரர்கிட்ட பழைய கோடும் புது கோடும் கொஞ்ச நாள் பக்கத்துல பக்கத்துல ஓடுமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க, ஏன்னா நாலாவது குவார்ட்டர் டிடிஎஸ் ரிட்டர்ன் மே மாசம் போடுறப்பவும் பழைய கோடு வேணும். ரூல்ஸ் வந்ததும் உங்க மாதிரி ஏஜென்சிக்கு எது எது மாறுதுன்னு இதே இழைல போடுறேன்.